வீட்டிலேயே ஓர் ஐந்தாம் வகுப்பு

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்கிறேன். காலையில் எழுந்ததும் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத நாட்கள் உங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். எனக்கும் இருந்தன. ஆனால் அப்பாவும் அம்மாவுமே சேர்ந்து, "நம் பிள்ளை இனிப் பள்ளிக்கூடம் போக வேண்டாம்" என்று யோசித்தால் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் அது நடந்தது. ஒரு கோடை முழுக்க நாங்கள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். அதைச் சொல்கிறேன்.

எங்கள் மகள் நான்காம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடம், லயத்திலிருந்து பத்து நிமிட நடை. லயம் என்றால் தோட்டத்து வேலையாட்களின் வரிசை வீடுகள். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவோம். அந்தப் பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். இது மலையாள நாடு, அதற்கு மேல் தமிழில் படிக்க வேண்டுமானால் கீழே டவுனுக்கு ஜீப்பில் போக வேண்டும். ஜீப்பில் உள்ளே பத்துப் பேர், பின்னால் தொங்கிக்கொண்டு நாலு பேர். ஆனை ரோட்டில் இறங்கிய நாளில் அந்த ஜீப்பும் வராது.

மகள் அதிகம் பேசமாட்டாள். நான்கு வருடமும் ரிப்போர்ட் கார்டில் 'அமைதியான பிள்ளை' என்றுதான் எழுதி வந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனைவிக்குக் கோபம் வரும். வீட்டில் பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது, அங்கே போனால் மட்டும் வாயில்லாமல் போகிறதா என்பாள். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோதுதான் மகள் ஒன்றாம் வகுப்புப் படித்தாள். டி.வி.யில் பாடம் நடந்தது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது டி.வி. இல்லை, அவள் அம்மா. அரிசி வந்த பையில், சோப்பு உறையில், மருந்துச் சீட்டில் என்று எழுத்து எங்கே இருந்தாலும் படிக்க வைத்தாள்.

நான்காம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கி வந்தோம். அதை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தோம். ஜூன் மாதம் கீழே கொண்டுபோய்க் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் விஷயம் என்று நான் நினைத்திருந்தேன்.

என் மனைவி எங்கள் தோட்டத்திலேயே பதினோரு வருடம் காய் எடுத்தாள். முதுகு வலி வந்த பிறகு, பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். ஏப்ரலில் அங்கே பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து ஒரு மாதம் தங்கியது. அந்த அப்பாவும் அம்மாவும் லேப்டாப்பில் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் காலையில் வராந்தாவில் உட்கார்ந்து படித்தன. லீவில்கூடப் படிக்கிறதே என்று இவள் விசாரித்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடமே போவதில்லையாம். வீட்டிலேயே படித்து, பிறகு பரீட்சை மட்டும் எழுதுமாம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள்: "ஏங்க, நம்ம பிள்ளையையும் வீட்லயே படிக்க வச்சா என்ன?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தம்மா என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். எம்.எஸ்சி.யாம். அஞ்சாப்புச் சொல்லிக்குடுக்க எம்.எஸ்சி. எதுக்கு? நான் பிளஸ் டூ, நீங்க எட்டு. கூட்டுனா இருபது வருதுல்ல."

மகள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஏனென்றால் என் மனைவி கேட்டதில் என் பயமும் இருந்தது. நான் எட்டோடு நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புத் தொடங்கிய வாரம் மூன்று நாள் ஜீப் வரவில்லை. நாலாம் நாள் ஜீப் வந்தது, நான் போகவில்லை. அப்படியே நின்றுபோனது. மகளுக்கும் அந்த ஜீப், அதே ரோடு. பாதியில் விட்டுவிடுவாளோ, அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருப்பாளோ என்று எனக்குள்ளும் ஓடியது. வீட்டில் என்றால் கண் முன்னால் இருப்பாள்.

லீவு இரண்டு மாதம் இருக்கிறது, நடத்திப் பார்ப்போம் என்று தொடங்கினோம். என் மனைவி காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினாள். காலை பத்து மணி வரை தமிழும் இங்கிலீஷும் அவள் பொறுப்பு. மதியத்துக்குமேல் கணக்கு என் பொறுப்பு. ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் தோட்டத்தில் காய் பறிக்கும் எடுப்பு இல்லை. ஸ்டோரில் அடுப்பு எரியாது. சாக்குகளைத் தைப்பது, தராசைத் துடைப்பது, காய் பரப்பும் வலையைச் சரிபார்ப்பது, இந்த மாதிரி வேலைதான். அதனால் மகளை அங்கேயே கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எட்டாம் வகுப்போடு மறந்துபோன பின்னக் கணக்கு, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது திரும்ப வந்தது. உலர்த்தும் அறையின் தெர்மாமீட்டரை அவளே படித்தாள். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும், அப்படியானால் மீதி நாலு கிலோ எங்கே போச்சு என்று கேட்டாள். புகைபோக்கியைக் காட்டினேன். நாலு கிலோ தண்ணீர் ஆவியாகிப் பறந்து போவதை நினைத்து வெகு நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்திலும் இப்படிச் சொல்லித்தர மாட்டார்கள் என்று எனக்குப் பெருமை.

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க ஆள் வரவில்லை என்று ஒரு நாள் அவளை நிறுத்தினார்கள். ஸ்டூல் போட்டு ஏறி நின்று ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாள். இறங்கி வந்ததும் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, 'இப்ப என்ன சொல்றீங்க?' என்பதுதான்.

லயத்தில் சும்மா விடுவார்களா? அடுத்த வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம், "என்ன டீச்சரம்மா, இன்னைக்கு உங்க ஸ்கூல் லீவா?" என்று கேட்பார். என் மனைவியும், "ஆமாக்கா, உங்க வீட்ல ரேடியோவைக் குறைச்சா நாளைக்குத் திறந்துருவோம்" என்பாள். ஜீப் ஓட்டும் தம்பிதான் ஒருநாள் கொஞ்சம் சீரியசாகக் கேட்டான், "பொம்பளப் பிள்ளைய வீட்லயே வச்சுக்கிட்டா நாளைக்கு ஊரு வேற மாதிரி பேசும்ணே." அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் இங்கே பிரவேசனோற்சவம் என்று பலூன் கட்டி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை வரவேற்பார்கள். லயத்துப் பிள்ளைகள் புதுக் குடை பிடித்துக்கொண்டு ஜீப்புக்கு நின்றன. மகள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள். போகணுமா என்று கேட்டேன். "தெரியல" என்றாள். அவள் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள், எழுந்து போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். டி.சி. பெட்டிக்குள்ளேயே இருந்தது. நாங்கள் வேண்டாம் என்றும் முடிவு செய்யவில்லை, வேண்டும் என்றும் முடிவு செய்யவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழையில் ஒரு டீச்சர் வந்தார். கீழே பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு டீச்சர், உடும்பஞ்சோலைப் பக்கத்துக்காரர். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏறி வந்ததில் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. துண்டு கொடுத்தோம், பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த ஆறாவது வேலைநாள் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் அந்த வருடத்துக்கு எத்தனை டீச்சர், எத்தனை வகுப்பு என்று அரசாங்கம் முடிவு செய்யும். தமிழில் படிக்கும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் நான்காம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறுகிறார்.

"திங்கட்கிழமைதான் ஆறாம் நாள். அதுக்கு அப்புறம் வந்தாலும் சேத்துக்குவோம். ஆனா கணக்குல வராது," என்றார்.

என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். ஜீப், ஆனை, ரிப்போர்ட் கார்டு, பெங்களூர்ப் பிள்ளைகள், வாசகம் வாசித்தது. டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மகளிடம் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். "எங்க ஆறாப்புப் பிள்ளைங்ககூட இப்படி வாசிக்காதும்மா," என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

அடுத்தது கணக்கு. என் முறை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரு கடைக்காரர் நாலு மூட்டை அரிசி வாங்குறார். ஒரு மூட்டை இருபத்தஞ்சு கிலோ. மொத்தம் எத்தனை கிலோ?"

"தொண்ணூத்தாறு," என்றாள் மகள், யோசிக்காமல்.

டீச்சர் மெதுவாக இன்னொரு தடவை சொன்னார். மறுபடியும் தொண்ணூற்றாறு. வாய்ப்பாடு தெரியவில்லை என்று நினைத்து, நாலு இருபத்தஞ்சு எவ்வளவு என்று கேட்டார். நூறு என்று சரியாகச் சொன்னாள். "அப்புறம் ஏன் தொண்ணூத்தாறு?"

"மூட்டைக்கு ஒரு கிலோ கழிக்கணும்ல டீச்சர். ஈரச்சாக்கு."

எங்கள் ஸ்டோரில் அப்படித்தான். மழைக்காலத்தில் காய் எடுத்து வரும் சாக்கு நனைந்து வரும். தண்ணீரின் எடையைக் காயின் எடையாக எழுதக் கூடாது என்று, நிறுக்கும்போது மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்போம். தராசில் நிற்பவன் நான்தான். பதினைந்து வருடம் கழித்துக் கழித்து, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாலு மூட்டை, இருபத்தைந்து என்றால் தொண்ணூற்றாறு என்பாள். நானும் சரி என்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் தப்பே தெரியவில்லை.

"கடை அரிசி எங்கம்மா நனைஞ்சது?" என்றார் டீச்சர்.

"ஜூன் மாசம்தானே டீச்சர்," என்றாள் மகள்.

டீச்சர் சாயாக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் என் மனைவி மகளிடம் இன்னொரு கேள்வி கேட்டாள்: "ஜனவரி மாசம்னா எத்தனை?"

"அப்பயும் தொண்ணூத்தாறு. எப்பயும் கழிக்கணும்னு அப்பா சொன்னாருல்ல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. "ஜனவரி வெயில்ல என் சாக்குல ஏதுங்க ஈரம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பிள்ளைகளே, அவளும் பதினோரு வருடம் அந்தத் தராசில் மூட்டை வைத்தவள். எடுத்த காயின் எடைக்குத்தான் கூலி. எல்லா எடுப்புக்காரர்களையும் போல அவளும் வாய் திறந்து கேட்டதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை. மழைக்காக வந்த பழக்கம், வெயில் காலத்திலும் கை தானாகக் கழித்துவிடும். அதை ஒரு கணக்கு விதி மாதிரி என் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அப்போது மகள்தான் பேசினாள். வெளியாட்களிடம் அவளாக ஒரு கேள்வி கேட்டதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"டீச்சர், உங்க கிளாஸ்ல எத்தனை பேரு?"

"உன்னையும் சேத்தா ஒம்பது."

"மத்த எட்டுப் பேரும் இந்தக் கணக்குக்கு எத்தனைன்னு சொல்லுவாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் கேட்டுப் பாக்குறேன்," என்றார் டீச்சர். கடைசி ஜீப்புக்கு நேரமாகிவிட்டது. வா என்றும் சொல்லவில்லை, அனுப்புங்கள் என்று கெஞ்சவும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். ஜீப் நிற்கும் இடம் வரை நான் டார்ச் பிடித்துக்கொண்டு போய்விட்டு வந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் வகுப்பு நடந்தது. நான் கழிக்காத கணக்குகளாகக் கொடுத்தேன். என் மனைவி வாதத்தை விடவில்லை. தப்பு நடந்தால் திருத்திக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்திலும்தான் தப்பாகச் சொல்லித்தருகிறார்கள், அதற்காக ஒரு நாள் தப்பை வைத்து எல்லாவற்றையும் விட்டுவிடுவதா என்று கேட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

சனிக்கிழமை மகள் ஒரு யோசனை சொன்னாள். ஈரச்சாக்கு உண்மையில் எவ்வளவு கூடுதல் இருக்கும் என்று நிறுத்துப் பார்க்கலாமே என்றாள். மூன்று பேரும் ஸ்டோருக்குப் போனோம். காய்ந்த சாக்கு ஒன்றை நிறுத்தோம். பிறகு அதை ஒரு மணி நேரம் மழையில் போட்டு, தண்ணீரை உதறிவிட்டு மறுபடி நிறுத்தோம். கூடியது அரைக் கிலோகூட இல்லை. மகள் மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் ஏறக்குறைய அதேதான். காயில் ஒட்டியிருக்கும் தண்ணீரையும் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அப்படிச் சேர்த்தாலும் ஒரு கிலோ வராது என்றாள் என் மனைவி.

அவள் தராசின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் பதினோரு வருசமா இதக் கேக்கல. இவ மூணு நாள்ல கேட்டுட்டா," என்றாள்.

"டீச்சர் வந்ததுனாலதான் கேட்டா," என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன். நம்ம ரெண்டு பேரும் ஒரே ஸ்டோருல இருந்தவங்க. நமக்குத் தெரிஞ்சதும் ஒண்ணு, தெரியாததும் ஒண்ணு." சாக்கை மடித்து வைத்தாள். "அந்த எட்டுப் பேரு என்ன சொல்லுவாங்கன்னு கேட்டாள்ல. அதுக்கு நான் எங்கிட்டுப் போயி ஆளு பிடிக்க?"

அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து டி.சி.யை எடுத்து, ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது குடை வாங்கினோம்.

திங்கட்கிழமை நானும் ஜீப்பில் போனேன். ஆறாம் நாள். ரோட்டில் ஆனைச் சாணம் கிடந்தது, டிரைவர் ஒதுக்கி ஓட்டினான். டீச்சர் வராந்தாவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் பெயரை எழுதிக்கொண்டு, "உள்ள போ" என்று மட்டும் சொன்னார். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அவள் பார்க்கவில்லை. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது.

எல்லாம் உடனே நன்றாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். முதல் மாதம் ஜீப்பில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மலையாளப் பாடத்தில் திணறினாள். வாரத்தில் ஒரு நாளாவது ஜீப் வராமல் போகும். அந்த நாட்களில் காலண்டர்த் தாள் டைம்டேபிள்படி வீட்டில் வகுப்பு நடக்கும். இப்போது அதில் அடுத்த வீட்டு அக்காவின் இரண்டு பேரப்பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். ரேடியோ சத்தம் குறைந்துவிட்டது.

ஸ்டோரிலும் ஒரு மாற்றம் வந்தது. ஆகஸ்டில் எடுப்பு மும்முரமானபோது சூப்பர்வைசரை நிற்கவைத்து நனைந்த மூட்டையையும் காய்ந்த மூட்டையையும் நிறுத்துக் காட்டினேன். முதலில் அவர் காதில் வாங்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, மழை நாளில் அரைக் கிலோ கழி, வெயில் நாளில் ஒன்றும் வேண்டாம் என்றார். காய் எடுக்கும் பெண்கள் அன்றைக்கு மூட்டை வைத்ததும் தராசின் முள்ளை எட்டிப் பார்த்தார்கள். இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள்.

மகள் இப்போது ஆறாம் வகுப்பு. போன வாரம் மழை அதிகம் என்று கலெக்டர் லீவு விட்டார். வீட்டில் அம்மா வகுப்பு. ஆனால் மகள் புத்தகத்தில் நிலைகொள்ளவில்லை. என்ன என்று கேட்டால், முந்தின நாள் ஒரு பிள்ளை வகுத்தல் கணக்கை வேறு வழியில் போட்டுக் காட்டியதாம், டீச்சரே அசந்துபோனாராம், பாதி சொல்லும்போது மணி அடித்துவிட்டதாம். மீதி இவளுக்குத் தெரிய வேண்டும். நான் எனக்குத் தெரிந்த வழியைக் காட்டினேன். "அது எனக்கும் தெரியும்பா," என்று நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவள் அம்மா அடுப்பருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மழையில் கீழே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஜீப் வருமா என்று ஜீப்காரத் தம்பிக்கு போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். ஆனை இறங்காவிட்டால் ஏழே முக்காலுக்கு வந்துவிடுவேன் என்றான்.